ஓட்டுக்கு முன் ஒரு பேட்டி

எருமப்பட்டி கபடிக் கழகத் தலைவர் சென்னிமலையிடம், சேலத்திலிருந்து வந்த ஆய்வு மாணவி வித்யா கேட்டாள்:

“விளையாட்டு அமைப்புகளோட நிர்வாகத்துல பெண்கள் எத்தனை பேருன்னுதான் இப்ப ஆராய்ச்சியே போகுதுங்க. இங்க எப்படிங்க?”

“ஒருத்தருமில்லீங்க. இன்னிக்குத் தேர்தல்ல சண்முகப்பிரியான்னு ஒரு புள்ள என்னைய எதுத்து நிக்குது. பொம்பளைக்கு எதுக்குங்க தலைவர் பதவி? ஊட்டுல சோறாக்கட்டும்!”

“ஒருவேளை அவங்க ஜெயிச்சுட்டா?”

சென்னிமலைக்குச் சிரிப்புத் தாங்கவில்லை. “ஓட்டுப் போடறது எங்க டீமுங்க. என் பேச்சைத் தட்டவே மாட்டாங்க.”

வெளியே விசில் ஒலித்தது. பயிற்சி முடிந்து டீம் உள்ளே வந்தது. அவிழ்ந்த பின்னலை முடிந்தபடி முன்னால் நின்றாள் கேப்டன் சௌந்தர்யா. பின்னால் அத்தனை பேரும் பெண்கள்.

“ஜன்னல் தொறந்துதான் இருந்துச்சுங்க, தலைவரே! பெட்டியைச் சீக்கிரம் கொண்டாங்க. ஓட்டுப் போட்டுட்டு நாங்க சோறாக்கப் போகோணும்.”