பச்சை வளையம்

வியாபாரி கூடையைத் திறந்துவைத்துக்கொண்டு நின்றார். இளஞ்சேவல்களை அவள் ஒவ்வொன்றாகப் பிடித்துக் கொடுத்துக்கொண்டிருந்தாள்.

காலில் சிவப்பு வளையம் என்றால் சேவல், கூடைக்குப் போகும். பச்சை என்றால் பெட்டை, கொட்டகையிலேயே இருக்கும். யோசிக்க ஒன்றுமில்லாத வேலை. இப்போதெல்லாம் அவளுக்கு அதுதான் தோதாக இருந்தது.

குஞ்சிலேயே பிரித்து வளையம் மாட்டியது அவள் கணவன். கோழி விஷயத்தில் அவனுக்குக் கொஞ்சம் தலைக்கனம் உண்டு. கொண்டை சிவக்கும் முன்பே சொல்லிவிடுவானாம், தன் கண் தப்பவே தப்பாதாம். கேட்க ஆள் கிடைத்தால் போதும், பீற்றிக்கொள்வான்.

தப்பியிருந்தது.

மூலையில் நின்ற ஒன்றின் காலில் பச்சை வளையம். கொண்டையோ செக்கச்செவேல். கழுத்திலும் இடுப்பிலும் இறகுகள் கூர்கூராக நீண்டு தொங்கின. பெட்டை இறகு முனை மழுங்கி இருக்கும் என்று தெரிந்தவர்கள் யாரும் அதைப் பெட்டை என்று சொல்ல மாட்டார்கள்.

கொட்டகையில் ஏற்கெனவே ஒரு பெரிய சேவல் இருந்தது. இரண்டானால் தினமும் சண்டை, பெட்டைகளின் முதுகில் இறகு மிஞ்சாது. மாமியார் இதில் கறார். உபரிச் சேவலுக்கு ஒரு வேளைத் தீவனம்கூடப் போட மாட்டார்.

அவள் அதைத் தீவனத் தொட்டிக்குப் பின்னால் விரட்டினாள். கொஞ்ச நேரம் சும்மா கிடக்கக் கூடாதா? தொட்டி மேலேயே ஏறி நின்று, உடைந்த குரலில் முதல் தடவையாகக் கூவித் தொலைத்தது.

"அதையும் போடும்மா. நல்ல சேவலாச்சே," என்றார் வியாபாரி.

அவளுக்குக் கை வரவில்லை. கூடையில் போட்டுவிட்டால் அவன் சொன்னது தப்பென்று ஆகிவிடும். உயிரோடு இருந்திருந்தால் தானே சொல்லிச் சிரித்திருப்பான். அந்தக் குஞ்சுகளுக்கு வளையம் மாட்டிய கையோடு தீவனம் வாங்கப் போனவனை, வண்டியில் கிடத்தித்தான் கொண்டுவந்தார்கள். அன்றைக்கு அவள் அழவில்லை. இப்போதாவது அழுகை வருமா என்று பார்த்தாள். வரவில்லை.

மாமியார் கத்தரியோடு வந்தார். மகன் போனதிலிருந்து அவர் வாய் திறப்பதே அபூர்வம். சேவலைத் தூக்கிக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டார். கால் தடித்து, வளையம் தோலில் பதிந்திருந்தது. கத்தரியை மெல்ல நுழைத்து அதை வெட்டி எடுத்தார்.

அவ்வளவுதான் என்று அவள் கூடையின் மூடியைத் தூக்கிப் பிடித்தாள்.

மாமியார் மடியிலிருந்து புது வளையம் ஒன்றை எடுத்தார். சேவல் காலுக்கான அளவு. நிறம் மட்டும் பச்சை.

மாட்டிவிட்டு, அதைப் பெட்டைகளுக்கு நடுவே இறக்கிவிட்டார். பிறகு வியாபாரியைப் பார்த்தார்.

"பெட்டைதான். என் மகன் பாத்துச் சொன்னது."