வேண்டாதவர் வாக்குமூலம்

“வசதியை மறைச்சு எழுதியிருக்கீங்க. விண்ணப்பம் திரும்பி வந்திருக்கு” என்றார் கல்லூரி உதவித்தொகைப் பிரிவின் கிளார்க்கம்மா, தலையை நிமிர்த்தாமலே.

பெயின்டருக்குத் தூக்கிவாரிப் போட்டது. பக்கத்தில் நின்ற மகள் கவுன்ட்டர் கம்பியை இறுக்கிப் பிடித்தாள்.

“வசதியா? எனக்கா? தோள்பட்டை போனதுலேருந்து ஏணி ஏறியே மாசக்கணக்காச்சு மேடம்!”

“தெருவுல ஆள் அனுப்பி விசாரிச்சோம். வசதியான குடும்பம்னுதான் சொல்றாங்க. இன்னைக்குள்ள திருத்திக் கொடுக்கலேன்னா முழுக் கட்டணமும் கட்டணும்.”

முழுக் கட்டணம் என்றால் மகள் படிப்புக்கு முழுக்குத்தான். பெயின்டருக்கு ரத்தம் கொதித்தது.

“சொன்னது எங்க எதிர்வீட்டுப் பிளம்பர்தானே? அவனேதான்! ஸ்கூட்டர் மேல நாலு சொட்டு பெயின்ட் சிந்தினதுக்கு வருஷக்கணக்கா மூஞ்சியைத் திருப்பிக்கிட்டுப் போறவன். விஷம் மேடம், விஷம்!”

“நாலு சொட்டு இல்லப்பா, ஒரு டப்பா” என்று முணுமுணுத்தாள் மகள்.

கிளார்க்கம்மா விசாரணைக் குறிப்பைப் புரட்டினார். “பிளம்பர் இல்லைங்க. உங்க மச்சினர். ‘எங்க அக்கா வீட்டுக்காரருக்கு என்ன குறைச்சல்? மாடி கட்டப் போறார்’னு சொல்லியிருக்கார். அப்புறம் உங்க சிநேகிதராம், தையல்காரர். ‘கை நிறைய சம்பாதிக்கிற மனுஷன்.’ போதுமா?”

பெயின்டர் அங்கேயே போனை எடுத்தார்.

“டேய் மாப்ளே, எந்த மாடியடா நான் கட்டப் போறேன்?”

“மாமா! ஃபைலும் கையுமா ஒரு ஆள் வந்தானே, பேங்க்காரன்தானே? லோன் கேட்டிருக்கீங்கன்னு நெனச்சேன். தையல்காரர்கிட்டயும் சொல்லிவெச்சு, ரெண்டு பேரும் உங்களைத் தூக்கி நிறுத்திட்டோம்ல! லோன் கெடைச்சுதா?”

பெயின்டர் போனை அணைத்தார். பாசக்காரர்கள்! இன்னும் கொஞ்சம் பாசம் இருந்திருந்தால் காரும் வாங்கிக் கொடுத்திருப்பார்கள்.

“ஒருத்தர் மட்டும் மாத்திச் சொல்லியிருக்கார்.” கிளார்க்கம்மா தயங்கினார். “கொஞ்சம் மட்டமா இருக்கு. படிக்கட்டுமா?”

“படிங்க.”

“‘அவனா? ஊர்ச் சுவத்துக்கெல்லாம் பெயின்ட் அடிப்பான், சொந்த வீட்டுக் கூரை ஒழுகும். கை விளங்காம உக்காந்திருக்கான். அடுப்பு ஒருவேளைதான் எரியுது. ஆனா வெளியில வரும்போது பாருங்க, தேய்ச்ச சட்டை! வெத்து ஜம்பம்.’ இதைச் சொன்னவர்தான் உங்க எதிர்வீட்டுப் பிளம்பர்.”

வரிசையில் பின்னால் யாரோ களுக்கென்று சிரித்தார்கள். பெயின்டருக்குக் காதெல்லாம் சூடேறியது.

“இது உண்மைன்னு எழுதிக் கையெழுத்துப் போட்டா, இதை வெச்சே சரி பண்ணிடலாம். பொய்னு சொன்னீங்கன்னா, மச்சினர் சொன்ன மாடிதான் நிக்கும்.”

மகள் நிமிர்ந்தாள். அப்பாவின் சட்டையைப் பார்த்தாள். பிறகு தரையைப் பார்த்தாள்.

பெயின்டர் பேனாவை வாங்கினார். “ஜம்பம்ங்கிறதை மட்டும் அடிச்சிடலாமா மேடம்?”

“முடியாதுங்க. முழுசாத்தான்.”

பல்லைக் கடித்துக்கொண்டு கையெழுத்துப் போட்டார். கிளார்க்கம்மா முத்திரையைக் குத்தினார். “உதவித்தொகை உண்டு. போய்ட்டு வாங்க.”

வழியெல்லாம் பிளம்பரைத் திட்டிக்கொண்டே வந்தார். தெருமுனைக்கு வந்தபோது திட்டு தீர்ந்துபோயிருந்தது. மகளை வீட்டுக்குள் அனுப்பிவிட்டு, எதிர்வீட்டுக் கேட்டைத் தள்ளித் திறந்தார்.

வாசலில் உட்கார்ந்து குழாய்த் துண்டைத் துடைத்துக்கொண்டிருந்த பிளம்பர் நிமிர்ந்து பார்த்தார்.

“பொண்ணுக்கு உதவித்தொகை கெடைச்சிடுச்சு” என்றார் பெயின்டர். “உன்னாலதான். பழசையெல்லாம் விட்டுட்டு இனிமே நாம...”

பிளம்பர் பதறி எழுந்தார். தெருவின் இரண்டு பக்கமும் எட்டிப் பார்த்துவிட்டுக் கேட்டைச் சாத்தினார்.

“முட்டாள்! மொதல்ல வாசலை விட்டுக் கெளம்பு. விசாரிக்க வந்த ஆள்கிட்டக் கேட்டுட்டேன், வருஷா வருஷம் வருவானாம். பொண்ணு படிச்சு முடிக்கிற வரைக்கும் நீ எனக்கு விரோதி. ராசியாயிட்டா அப்புறம் நானும் உன்னைப் பத்திப் பெருமையாத்தானடா சொல்லணும்!”