முதல் காய்

ஆய்வுக்கூடத்தின் கண்ணாடி வீட்டுக் கதவைத் திறந்தவள் வாசலிலேயே நின்றுவிடுகிறாள். வெள்ளரிக் கொடிகள் மேல் காலை வெயில் சாய்ந்து விழுகிறது. ஒரு இலையில்கூட ஓட்டை இல்லை. தின்னட்டும் என்று நேற்று விட்ட பச்சைப் புழுக்கள் தொட்டி மண்ணில் சுருண்டு செத்துக் கிடக்கின்றன. பூச்சியை விரட்டச் செடி கசப்பைச் சுரக்கும். அந்தச் சுரப்பை முடுக்கிவிடுவது என்று நம்பித்தான் ஒரு மரபணுவை அவள் முடக்கினாள். கசப்பே இல்லாத வெள்ளரிக்குத்தான் இத்தனை பாடும். கூட வேலை செய்யும் தோழி இலை நுனியைக் கிள்ளி நாக்கில் வைத்த வேகத்தில் துப்புகிறாள். "ஆக்சிலேட்டர்னு நெனச்சு பிரேக்கையில்லடி புடுங்கிட்டோம்! கசப்பு தறிகெட்டு ஏறியிருக்கு. இது விஷம்டி." குழாயிலிருந்து தண்ணீர் சொட்டுகிறது. இவள் பையைத் துழாவிப் போனைத் தேடுகிறாள். ஜெயித்துவிட்ட தெனாவட்டில், சோதித்துக்கூடப் பார்க்காமல், முதல் காயை நறுக்கிக் கணவனின் டப்பாவில் வைத்து அனுப்பியது இன்று காலையில்தான். அவன் போனை எடுத்ததுமே கத்துகிறாள். "ஏங்க, அந்த வெள்ளரிக்காயத் தொடாதீங்க!" மறுமுனையில் அவன் லேசாக இருமுகிறான். "ஆபீஸ் வந்ததுமே சாப்பிட்டேனே. அப்பா, என்னா கசப்பு! ஆனா நீ வளர்த்த முதல் காயாச்சே, ஒரு துண்டுகூட மிச்சம் வைக்கல." அவள் கண்ணெதிரே, இலையின் ஓரத்தில் தொற்றிக்கொண்டிருந்த கடைசிப் புழு பிடி நழுவி விழுகிறது.