கேட்காத அழுகை

போர் மூண்ட நாட்டிலிருந்து ஆட்களை ஊருக்கு ஏற்றிவந்த ராணுவ விமானத்தின் இரைச்சலில் மடியிலிருந்த பிள்ளை அழுவது கேட்கவில்லை; வாய் திறந்து மூடுவதை வைத்துத்தான் சகாயமேரி தெரிந்துகொண்டாள். ஏறும்போதே சிப்பாய், "பிள்ள காதுலயும் பஞ்சு வச்சிருங்கக்கா" என்று கத்தியிருந்தான்.

பாதி வழியில் அந்த வாய் மூடிக்கொண்டது. அப்பாடா என்றிருந்தது. பிறகுதான், தூங்கத்தான் செய்கிறானா என்று குனிந்து பார்த்தாள். மூக்கடியில் விரல் வைத்தாள். விமானத்துக்குள் வீசிய குளிர்காற்றுதான் பட்டது. நெஞ்சைத் தொட்டாள், விமானத்தின் அதிர்வில் அவள் கையும்கூடத் துடித்தது. பாலுக்கு எழுப்புகிற மாதிரி உள்ளங்காலைச் சுண்டினாள். இன்னொரு முறை, பலமாக. எதிர்வரிசைக்காரர்கள் குனிந்து பார்த்தார்கள்.

"அழுடா, என் ராசால்லா. ஒரே ஒருதரம் அழுதுருடா."

அவள் குரல் அவளுக்கே கேட்கவில்லை.