பிளாவியாவின் கையுறை

துறைமுக ஆய்வுக்கூடத்தில் பிளாவியாவின் கையுறை சொன்னால் சொன்னதுதான். மீனைத் தொட்டதும் அது பச்சையாக ஒளிர்ந்தால் மீன் ஏலத்துக்குப் போகும். சிவந்தால் அழுகல் நஞ்சு என்று குழிக்குப் போகும். வேறு யாரும் அதில் கைவைக்கக் கூடாதென்று, ஏலம் நடக்கும் வாரம் முழுக்க அவள் அதைக் கழற்றமாட்டாள். தூக்கத்திலும் கையிலேயே இருக்கும்.

அன்று தொட்டதெல்லாம் சிவந்தது. மீனவன் சிலுவைராயன் தன் களவா மீனைத் தண்ணீர்த் தொட்டியோடு தூக்கி வந்தான்.

"யக்கா, வாயத் தெறந்து மூடுது பாருங்க. உசுரோட இருக்கது எப்படிக்கா அழுகும்?"

தொட்டாள். சிவந்தது.

"குழிக்குக் கொண்டு போ."

"ஒங்க உறைக்குத்தான் சளி புடிச்சிருக்கு. கழத்துங்க, நான் போட்டுப் பாக்கேன்."

கோபத்தில் உருவிக் கொடுத்தாள். அவன் மாட்டிக்கொண்டு மீனைத் தொட்டான். பச்சை.

"பாத்தியளா!" என்று சிரித்து நிமிர்ந்தவன் அவள் கையைப் பார்த்தான். சிரிப்பு நின்றது.

உறையைத் துளைத்துக் கெளுத்தி முள் குத்தியிருந்த சுட்டுவிரல், நுனியிலிருந்து அடிவரை கறுத்துக் கிடந்தது.

"யக்கா... வலிக்கலியா?"

சர்க்கரை நோய்க்காரி பிளாவியா அந்த விரலை அழுத்தினாள். பலமாக அழுத்தினாள்.

"இல்லியே," என்றாள்.