வேலிக்கு அந்தப் பக்கம்

விசிறித்தொண்டை ஓணான் எந்தக் காட்டில் பதிவானாலும் அதைக் காக்க அந்த உழவு நிலம் இரண்டு மழைக்காலத்துக்குப் பூட்டப்பட்டுவிடும். டிராக்டர் வரப்பைத் தொட்டதுமே தானாக நின்றுபோகும். விளாத்திகுளத்துக் கரிசலில் ஓணான் பதிகிறவள் பூங்கனி. மாதம் ஒரு பதிவாவது அனுப்பாவிட்டால் அவளுக்கு வேலை போய்விடும்.

அந்த மாதத்தின் கடைசி நாளில்தான் ஓணான் கண்ணில் பட்டது. அதுவும் அவளுடைய சொந்தக் காட்டில். கல்மேல் நின்று நீலத் தொண்டையை விரித்து விரித்துச் சுருக்கிக்கொண்டிருந்தது. பூங்கனி ஒரு கருவேலங்குச்சியை ஒடித்து, அதை மெல்ல விரட்டி, வேலிக்கு அந்தப் பக்கம் போனபிறகு படம் எடுத்து அனுப்பினாள்.

சாயங்காலம் பக்கத்துக் காட்டுச் சீனியம்மாள் ஒரு பையோடு வந்தாள்.

"ஏ பூங்கனி, வேலியில போற ஓணானுக்கு என் காடுதான் கெடச்சுதா?" என்று கேட்டுச் சிரித்தாள்.

பூங்கனி தலை குனிந்துகொண்டாள்.

"நீ என்ன செய்வ? கண்ணுல பட்டா பதியத்தான வேணும். ஆளு பாத்துப் பதியாதவன்னு ஊரே உன்னயச் சொல்லுது."

"மதினி..."

"இந்தா, நாலு படி கம்பு. விதைக்கு வச்சிருந்தேன். ரெண்டு மழைக்குத் தாங்காது, வண்டு அடிச்சிரும். உன் காட்டுல போட்டுக்கோ."

உண்மையைச் சொல்வதற்கு அவளுக்கு அப்போதும் நேரம் இருந்தது. பூங்கனி இரண்டு கையாலும் பையை வாங்கிக்கொண்டாள்.

"இந்த வருசம் மழை எப்படின்னு தெரியலையே மதினி" என்றாள்.