சிரிஞ்சு மாதிரி நின்ன அப்பா

"அவனும் என் மவன்தான். இறக்கை முளைக்கும்போதே முதலாளி எடுத்துட்டுப் போய், சிரிஞ்சுல கூழு ஊட்டி வளத்தாரு. நேத்துதான் கூண்டுல திருப்பி விட்டாரு," என்று பக்கத்துக் கூண்டு லவ்பேர்ட்ஸ்கிட்ட சொல்லுச்சு காக்கடீல் கிளி அப்பா.

"இனிமே நீங்க ஊட்ட வேண்டியதுதானண்ணே?"

"மத்த ரெண்டு பேரும் என் வாயிலதான் தின்னானுங்க. இவன் என் அலகைப் பாத்தாலே மிரளுறான். அதான் காலையிலேர்ந்து சிரிஞ்சு மாதிரி வெறப்பா நிக்கிறேன். சிரிக்காத, கழுத்து நோவுது. ஒரு வாய் வாங்கிட்டான்னா எங்களோட தங்கிருவான்."

குஞ்சு மெதுவா பக்கத்துல வந்து வாயைத் திறந்துச்சு. அப்பா அவசரமா இரையைத் தொண்டையிலேர்ந்து மேலே கொண்டு வந்துச்சு.

"சிண்டு!" முதலாளி கையை உள்ளே நீட்டினாரு. குஞ்சு ஓடிப்போய் விரல்ல ஏறிக்கிச்சு.

"போறான் பாருங்க, கூப்பிடுங்கண்ணே!"

அப்பாவுக்கு வாய் நிறைய இரை.